துளையில்லாத லேப்டாப்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தந்தி என்று பெயர். டாக்டர் சொல்லி வாயை மூடுவதற்குள் இவள் அடித்து முடித்துவிடுவாள் என்று யாரோ எப்போதோ சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. வயதில் சின்னவர்கள் தந்தியக்கா என்பார்கள். மற்றவர்களுக்கு வெறும் தந்தி. அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. அதை அவளால் படிக்க முடியாது, மற்றவர்களுக்குப் படிக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

அறிக்கை அறையில் அவளோடு சேர்த்து நான்கு பேர். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்த கையோடு ஒரு சின்னக் கருவியில் பேசிப் பதிவு செய்துவிடுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அறிக்கையாக அடித்துக் கொடுப்பது இந்த நான்கு பேரின் வேலை. மூன்று பேருக்குக் கண் தெரியும். தந்திக்குப் பிறவியிலிருந்தே தெரியாது. ஆனால் நாளுக்கு முப்பது அறிக்கை என்பது மற்ற மூவரின் கணக்கு, நாற்பது என்பது இவள் கணக்கு. பிழையும் குறைவு. மருந்துப் பெயரில் சந்தேகம் வந்தால் கண் தெரிந்த மூவரும் இவளிடம்தான் வந்து கேட்பார்கள்.

அவளுடைய மேசை ஒரு தனி உலகம். பழைய கனமான கம்ப்யூட்டர். அழுத்தினால் அழுத்தியது தெரிகிற, ஒவ்வொரு விசைக்கும் ஒரு சத்தம் இருக்கிற தடித்த கீபோர்டு. காலுக்குக் கீழே ஒரு மிதி. மிதித்தால் டாக்டரின் குரல் ஓடும், விட்டால் நிற்கும். ஒயர் வைத்த ஹெட்போன். அதில் டாக்டரின் குரலும் வரும், அவள் அடித்ததைத் திருப்பிச் சொல்லும் கம்ப்யூட்டரின் குரலும் வரும். இரண்டு குரலையும் ஒரே நேரத்தில் கேட்டுப் பிரித்துக்கொள்ள அவளுக்குத் தெரியும். பெண்டாட்டி பேச்சையும் கிரிக்கெட்டையும் சேர்த்துக் கேட்கிற ஆண்களைவிடத் தான் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை என்பாள்.

அந்த மேசையை அமைத்துக் கொடுத்தவன் அவளுடைய தம்பி. எட்டு வயது இளையவன். அவன் அந்த ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்ததே அவள் சொல்லித்தான். கேபிள் இழுக்கிற ஆள் தேவை என்று காதில் விழுந்ததும், நேரே கண்காணிப்பாளர் அறைக்குப் போய், "என் தம்பி இருக்கான், கைவேலை சுத்தமா இருக்கும்" என்று சொன்னாள். சொன்னபடியே இருந்தான். கேபிள் இழுத்தான், பிறகு கம்ப்யூட்டர் பழுது பார்த்தான், மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தான். பதினைந்து வருடத்தில் கணினிப் பிரிவுக்கே தலைவனாகிவிட்டான். அக்காவின் கீபோர்டில் மேல் வரிசை விசைகளுக்கு அவனே வேலை பிரித்துக் கொடுத்திருந்தான். ஒன்றை அழுத்தினால் டாக்டரின் பேச்சு மூன்று நொடி பின்னால் போகும். இன்னொன்று கம்ப்யூட்டரின் வாயை அடைக்கும். இன்னொன்று அடித்ததைச் சேமிக்கும். அந்த வரிசை அவளுக்கு என்ன என்பது உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும்.

புது நிர்வாகி வந்த வருடம் ஆஸ்பத்திரியில் சுவர்களெல்லாம் கண்ணாடியாயின. வருகிறவர்களுக்கு உள்ளே நடக்கும் வேலை தெரிய வேண்டுமாம். அறிக்கை அறைக்கும் கண்ணாடிச் சுவர் வந்தது. கண்ணாடி வந்ததும் உள்ளே இருக்கிற பழைய கம்ப்யூட்டர்கள் கண்ணை உறுத்தின. எல்லா மேசையிலும் ஒரே மாதிரி லேப்டாப், மெல்லியதாக, வெள்ளி நிறத்தில் வேண்டும் என்று நிர்வாகி சொன்னார். மூன்று மாதிரிகள் வந்தன. தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பு தம்பிக்கு வந்தது. இரண்டு மாதிரிகள் கொஞ்சம் தடிமன். மூன்றாவதுதான் நிர்வாகிக்குப் பிடித்தது. அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இதுதான் நம்ம ஆஸ்பத்திரி" என்று சொன்னாராம். தம்பி கையெழுத்துப் போட்டான்.

அக்காவின் மேசைக்கு அவனே கொண்டுவந்து வைத்தான். பக்கத்து சீட்டுக்காரி ஆசையாகப் பார்த்து, பளபளவென்று முகமே தெரிகிறது என்றாள். "எனக்கு அந்தத் தொல்லை இல்ல" என்று தந்தி சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தாள். விரல்களை விசைகள் மேல் ஓடவிட்டாள். எல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தன. அழுத்தினால் அமுங்கியதா இல்லையா என்றே தெரியவில்லை. விரல் மேல் வரிசைக்குப் போயிற்று. அங்கே வழுவழுவென்று ஒரு கண்ணாடிப் பட்டை மட்டும் இருந்தது.

"எங்கடா மேல் வரிசை?"

"இருக்குக்கா. தேவைப்படும்போது கண்ணாடியில வரும்."

"கண்ணாடியில வந்தா எனக்கு எப்படிடா வரும்?"

பழகிவிடும் என்றான். அவள் ஓரங்களைத் தடவினாள். ஹெட்போன் செருகத் துளை இல்லை. இருந்ததே இரண்டு சின்னத் துளைகள். ஒன்று மின்சாரத்துக்கு, ஒன்று மிதிக்கு. ஹெட்போன் இனிமேல் ஒயர் இல்லாததுதான், எல்லோருக்கும் புதிதாக வந்திருக்கிறது, அதுவும் அழகாக இருக்கிறது என்றான்.

முதல் வாரம் அவள் நாளுக்குப் பதினெட்டு அறிக்கைதான் அடித்தாள். கண்ணாடிப் பட்டையில் விரல் பட்டாலே போதும், எதையாவது செய்துவைக்கும். ஒரு தடவை ஒலி மொத்தமாக அடங்கிவிட்டது. எதைத் தொட்டால் திரும்ப வரும் என்று கம்ப்யூட்டர்தான் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரின் வாயோ அடைந்துவிட்டது. மற்ற மூவரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவர்கள் வரும்வரை கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே யாரோ நடந்துபோகிற சத்தம் கேட்டது. சும்மா உட்கார்ந்திருப்பதாக நினைப்பார்களே என்று வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த நாற்காலியில் அவள் சும்மா உட்கார்ந்ததில்லை.

ஒயர் இல்லாத ஹெட்போனில் இன்னொரு சங்கடம். சத்தம் நின்றால் அது தூங்கிவிடும். மறுபடி சத்தம் வந்தால் விழித்துக்கொள்ள அரை நொடி எடுக்கும். பாட்டுக் கேட்கிறவர்களுக்கு அரை நொடி ஒன்றும் இல்லை. மிதியை மிதித்து மிதித்து விடுகிறவளுக்கு, ஒவ்வொரு மிதிக்கும் முதல் எழுத்தோ முதல் சொல்லோ காணாமல் போகும். மூன்று நொடி பின்னால் போனால் கேட்டுவிடலாம். பின்னால் போகிற விசை கண்ணாடிக்குள் இருந்தது.

தம்பியிடம் சொன்னாள். லேப்டாப்பில் செருகுகிற குட்டி அடாப்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தான், அதில் நாலைந்து துளைகள். பழைய ஹெட்போனையும் பழைய கீபோர்டையும் அதில் மாட்டினாள். அடுத்த நாளே பழைய வேகம் வந்துவிட்டது. விரல்கள் வீட்டுக்கு வந்தது மாதிரி இருந்தது என்று கணவரிடம் சொன்னாள். அவர் பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவர். "அப்போ பழைய வண்டியையே விட்டிருக்கலாமே, எதுக்குப் புது வண்டி வாங்கிப் பழைய சக்கரம் மாட்டணும்?" என்றார்.

நான்காவது நாள் சுற்றறிக்கை வந்தது. கண்ணாடி அறைகளில் மேசைமேல் ஒயர் தொங்கக் கூடாது, கொடுத்ததைத் தவிர வேறு கருவி இருக்கக் கூடாது. அடாப்டரைக் கழற்றி எடுத்துப்போக வந்தவன் தம்பியின் கீழ் வேலை பார்க்கிறவன். சங்கடப்பட்டான். அவள்தான் அவனைச் சமாதானப்படுத்தினாள்.

இரண்டாவது தடவை தம்பியின் அறைக்கே போய்ச் சொன்னாள். நிர்வாகி புதியவர், ஒயர் விஷயத்தில் பிடிவாதக்காரர், கொஞ்ச நாள் போகட்டும் என்றான். மூன்றாவது தடவை வீட்டில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தான். அப்போது அவன் சொன்னதைத்தான் அவள் பிறகு பல நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ சமாளிச்சுக்குவேன்னுதாங்க்கா நான் கையெழுத்தே போட்டேன். உன்னால முடியாததா?"

பாராட்டாகத்தான் சொன்னான். அவளுக்கும் அப்போது அது பாராட்டாகத்தான் பட்டது. சின்ன வயதிலிருந்தே அவள் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. கஷ்டம் என்று சொன்னால் உடனே வீட்டில் உட்காரச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் எப்போதும் இருந்தது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு செய்து காட்டுவாள். செய்து காட்டச் செய்து காட்ட, இவளுக்கு எதுவும் வேண்டாம் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். கூடப் பிறந்தவனும்தான்.

நாலு மாதம் இப்படியே ஓடியது. எண்ணிக்கை முப்பதுக்கு வந்திருந்தது. அதற்காக அரைமணி நேரம் முன்னால் வந்தாள், மதியச் சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில் முடித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், அன்றைக்கு இருபத்தெட்டாவது அறிக்கை. சிறுநீரகத்தில் கல் உள்ள ஒரு நோயாளி. வலது பக்கத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார் டாக்டர். மிதியிலிருந்து காலை எடுத்தாள், அடித்தாள், மறுபடி மிதித்தாள். அடுத்த வாக்கியத்தில் முதல் சொல் பாதி காணாமல் போய், "துபக்கம் கல் இருக்கிறது, எடுக்க வேண்டும்" என்று மட்டும் காதில் விழுந்தது. இடதா, வலதா? பின்னால் போக வேண்டும் என்று தோன்றியது. விரல் கண்ணாடிப் பட்டையில் தேடியது. கிடைக்கவில்லை. இதுவரை வலதுதானே பேசிக்கொண்டிருந்தார் என்று நினைத்து, வலது என்று அடித்துவிட்டு மேலே போனாள்.

டாக்டர் சொன்னது இடது.

நல்லவேளையாக, திங்கட்கிழமை வார்டு நர்ஸ் அறிக்கையையும் ஸ்கேன் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டாக்டர் கொதித்துப் போய் நேரே நிர்வாகியிடம் போனார். அதில் தப்பில்லை என்றுதான் தந்தியும் நினைத்தாள். தவறு தன்னுடையது, சந்தேகம் வந்தபோது நிறுத்தியிருக்க வேண்டும், அதில் அவளுக்கு இரண்டாவது பேச்சே இல்லை. அன்று முழுக்க அவளால் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை.

புதன்கிழமை விசாரணை. ஒரு சின்ன அறை, நீள மேசை. மனிதவளப் பிரிவு மேலாளர் ஒருவர், அந்த டாக்டர், கணினிப் பிரிவின் சார்பில் தம்பி. அவன் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்கு உள்ளே வந்தவுடன் தெரிந்துவிட்டது. பதற்றம் வந்தால் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவான்.

மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். என்ன நடந்தது என்று கேட்டார். ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள். பிறகு அவர் கேட்டார்:

"இந்த லேப்டாப் உங்களுக்குச் சரிப்பட்டு வரலன்னா, நாலு மாசமா ஏன் யார்கிட்டயும் சொல்லலம்மா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் அந்த மேசையிலேயே இருந்தான். சொன்னாங்க, என்கிட்ட மூணு தடவை சொன்னாங்க என்று ஒரே ஒரு வாக்கியம். அதற்காகக் காத்திருந்தாள். பேனா மூடி நின்றது. அவன் மூச்சை இழுப்பது கேட்டது. இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தாள். அந்த மூச்சு அப்படியே வெளியே போயிற்று. மறுபடி பேனா மூடி திறந்து மூட ஆரம்பித்தது.

"சொல்லியிருக்கணும் சார். சொல்லல" என்றாள் தந்தி.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. அவளுடைய லேப்டாப்புக்கே மின்னஞ்சலில் வந்தது. கணினிப் பிரிவின் தொழில்நுட்ப அறிக்கையும் அதோடு இணைக்கப்பட்டிருந்தது. கம்ப்யூட்டரின் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்துக்கொண்டே போயிற்று: கருவியில் பழுது எதுவும் இல்லை. ஒலிச் சாதனம் சரியாக இயங்குகிறது. பயன்படுத்துபவருக்குப் புதிய கருவியில் போதிய பழக்கம் இல்லாததே பிழைக்குக் காரணம். கீழே தம்பியின் பெயரையும் பதவியையும் அதே குரலில் படித்தது.

ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

அவளைத் தொலைபேசி மேசைக்கு மாற்றினார்கள். மணி அடித்தால் எடுக்க வேண்டும், எந்தப் பிரிவு என்று கேட்க வேண்டும், இணைப்புக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கருவியும் பழையது, பட்டன்கள் நன்றாக அமுங்கின. ஆனால் மூளைக்கு வேலை இல்லை. இருபத்திரண்டு வருடம் இதயத்தையும் நுரையீரலையும் எலும்பையும் விரல் நுனியில் வைத்திருந்தவள், கண் டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று நாளுக்கு நூறு தடவை சொல்லிக்கொண்டிருந்தாள். தந்தி என்று கூப்பிடுவதும் மெல்ல நின்றுபோயிற்று. புதிதாக வந்தவர்களுக்கு அவள் போன் அம்மா.

ஆண்டு மலரின் அட்டையில் அறிக்கை அறையின் படம் போட்டிருந்தார்கள். பக்கத்து சீட்டுக்காரி கொண்டுவந்து விவரித்தாள். நாலு வெள்ளி லேப்டாப், நாலு காலி நாற்காலி, ஒரு ஒயர் கிடையாது. ஆட்கள் இருந்தால் படம் நன்றாக வராது என்று எல்லோரையும் வெளியே நிற்கச் சொன்னார்களாம்.

ஒன்றரை வருடம் கழித்து வெளியூரிலிருந்தெல்லாம் டாக்டர்கள் வந்த ஒரு பெரிய மாநாடு. நிர்வாகியே மேடையில் பேச இருந்தார். அவருடைய லேப்டாப்பை மேடைத் திரையோடு இணைக்கத் துளை இல்லை. அடாப்டர் தேடி நாலு பேர் ஓடினார்கள். ஒன்று பொருந்தவில்லை, இன்னொன்று வேலை செய்யவில்லை. இருநூறு பேருக்கு முன்னால் இருபது நிமிடம் நின்றார். மூன்றே வாரத்தில் புது லேப்டாப்புகளுக்கு உத்தரவு போயிற்று.

தம்பி அந்தச் செய்தியோடு ஞாயிற்றுக்கிழமை வந்தான். குரலில் அத்தனை சந்தோஷம். அவர்கள் பேச்சு அதுவரை அறுந்துபோகவில்லை. அவன் வருவான், சாப்பிடுவான், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பான், அவள் பதில் சொல்வாள். அந்த அறையில் நடந்ததைப் பற்றி இருவரும் வாய் திறந்ததில்லை.

"விரல் அளவு தடிமன்தாங்க்கா கூட. ஆனா எல்லாத் துளையும் இருக்கு. ஹெட்போன் இருக்கு. மேல் வரிசை இருக்கு. நல்லா அமுங்குது. நானே அழுத்திப் பார்த்தேன்."

"யார் கேட்டாங்க?"

"டாக்டர்ங்க எல்லாரும்தான். நிர்வாகியே சொல்லிட்டார்."

"எழுத்துல கொடுத்தாங்களா?"

அவன் தண்ணீர் கேட்டான். அவளும் விட்டுவிட்டாள். ஆனால் அன்று முழுக்க விரல்கள் மடியில் எதையோ அடித்துக்கொண்டிருந்தன. ஆசை வந்துவிட்டது. கோபத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது என்று அவளே ஒத்துக்கொள்வாள்.

திங்கட்கிழமை மனிதவள மேலாளரிடம் போனாள். பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டாள். இந்தத் தடவை எழுத்திலும் கொண்டுபோயிருந்தாள். அவர் வாங்கிப் படித்தார். வருத்தமாகத்தான் சொன்னார். அவளை மாற்றிய சில மாதங்களிலேயே அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். அறிக்கை அறைக்கு இப்போது மூன்று பேர்தான். மூன்று பேரால் வேலை நடக்கிறது என்று தெரிந்துவிட்ட பிறகு நாலாவது நாற்காலியைக் கேட்க முடியாது. கணினிப் பிரிவையும் கேட்டுத்தான் முடிவெடுத்தார்கள், அவர்களும் மறுப்பு சொல்லவில்லை என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் எந்த உள்நோக்கமும் இல்லாமல்தான் சொன்னார்.

அடுத்த ஞாயிறு தம்பி வந்தபோது அவள் கணவர் கடைக்குப் போயிருந்தார். அவன் உட்கார்ந்ததும் அவள் நேராகவே கேட்டாள்.

"நாலாவது சீட்டை எடுக்கறப்போ உன்னைக் கேட்டாங்களா?"

கேட்டார்கள் என்றான். நீ திரும்பி வருவாய் என்று தோன்றவில்லை என்றான். பிறகு, கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொன்னான்.

"அன்னிக்கு விசாரணையில நான் வாயைத் திறந்திருந்தா என் வேலை போயிருக்கும்க்கா."

"வேலை போயிருக்காது. பதவி போயிருக்கும்."

"தெரிஞ்சுதானே என்னைக் காப்பாத்தின? அப்புறம் ஏன் இப்போ..."

"பழக்கம்" என்றாள். "உன்னைக் காப்பாத்தறது எனக்குப் பழக்கம். அதைப் பாசம்னு நெனச்சுக்காதே. அன்னிக்கு எனக்கு உன்மேல பாசமே இல்ல."

குரலை உயர்த்தவில்லை. சாப்பிடச் சொன்னாள். அவன் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். அவன் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. ஏதாவது சொல்லட்டும் என்று அவன் காத்திருக்கிறான் என்பதும் தெரிந்தது. அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதன்பிறகு அவன் மாதத்துக்கு ஒரு முறை வந்தான், பிறகு அதுவும் குறைந்தது. அவள் இன்னும் மூன்று வருடம் அந்தத் தொலைபேசியை எடுத்தாள். ஓய்வு பெற்ற நாளில் ஒரு கூட்டம் வைத்தார்கள். பக்கத்து சீட்டுக்காரி அழுதாள். தம்பியும் பேசினான். தன்னைக் கைபிடித்து இந்த ஆஸ்பத்திரிக்குள் கூட்டிவந்தவள் அக்காதான், எந்தக் கருவியைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் பழகிக்கொள்கிறவள் என்று பேசினான். நன்றாகப் பேசினான் என்று எல்லோரும் சொன்னார்கள். கைதட்டல் ஓய்ந்ததும், இரண்டு வார்த்தை பேசும்படி அவளைக் கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

வெளியே வந்தபோது காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான் தம்பி. வேண்டாம், பஸ் இருக்கிறது என்றாள். கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தம்வரை நடந்தாள். பஸ் வர நேரமாயிற்று. தம்பி பேசியதில் எது அவளுக்குக் கோபம் என்று கணவர் கேட்டார். எதுவும் இல்லை, எல்லாமே உண்மைதான் என்றாள்.